யாரு போய் அளந்தா? வானியல் பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் பகுதியிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்காதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்படித்தான் தொடங்கினேன். வேலைக்குப் போக ஐம்பது நிமிடம், திரும்ப ஐம்பது நிமிடம் பேருந்துப் பயணம். ஜன்னல் ஓர சீட்டு, காதில் ஹெட்செட். இரண்டு மாதத்தில் நாற்பது பகுதிகளுக்கு மேல் கேட்டு முடித்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. ஒருநாள் இரவு மொட்டை மாடியில் அக்கா மகளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அது அத்தனை ஒளியாண்டு தூரம், இது இத்தனை ஒளியாண்டு தூரம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அங்க யாரு போய் அளந்தா?" என்றாள்.

நாற்பது பகுதி கேட்டவனிடம் பதில் இல்லை. அங்கே அளந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

இத்தனைக்கும் அவள் கேள்விக்கான பதில் நான் கேட்டு முடித்த பகுதிகளிலேயே இருந்தது. காதில் விழுந்து மறுகாது வழியாகப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் போய்க் கேட்டபோது கதை வேறாக இருந்தது. அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1. எதைக் கேட்பது

வானியலுக்கு ஆங்கிலத்தில் நிறைய பாட்காஸ்ட்கள் உண்டு. புதிதாக வருபவருக்கு நான் சொல்வது அஸ்ட்ரானமி காஸ்ட். 2006 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்ட் 24-ஆம் தேதி, பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து இறக்கியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. இவர்களும் முதல் பகுதியை புளூட்டோவிலிருந்தே ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பகுதிகள் எழுநூறைத் தாண்டிவிட்டன.

பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஃப்ரேசர் கெய்ன் கனடாக்காரர், விண்வெளிச் செய்திகளை எழுதும் பத்திரிகையாளர். பமீலா கே அமெரிக்க வானியலாளர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு பகுதிக்கு ஒரு தலைப்பு, சுமார் அரை மணி நேரம். ஃப்ரேசர் கேட்பார், பமீலா விளக்குவார்.

இந்த ஏற்பாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. வகுப்பில் எழுந்து கேட்க நாம் கூச்சப்படும் கேள்வியை ஃப்ரேசர் நமக்காகக் கேட்டுவிடுகிறார். "சரி, ஆனால் அது எப்படித் தெரியும்?" என்று அடிக்கடி இழுத்துப் பிடிக்கிறார். நமக்கு என்ன தெரியும் என்பதோடு, அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்வதுதான் நிகழ்ச்சியின் நோக்கம் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பெண்ணும் அதைத்தானே கேட்டாள்!

அரை மணி நேரம் அதிகமாகத் தெரிகிறவர்கள் ஸ்டார்டேட்டில் தொடங்கலாம். டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகம் 1978 முதல் வானொலிக்காகத் தயாரிப்பது. தினமும் இரண்டே நிமிடம், பல் தேய்த்து முடிப்பதற்குள் கேட்டுவிடலாம். விண்கலங்கள், கோள் பயணங்கள் என்றால் உங்களுக்கு உயிரா? அப்படியானால் பிளானட்டரி ரேடியோ. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். கேட்காத பகுதிகள் குவியக் குவிய, பரீட்சைக்குப் படிக்காத பாடம்போல உறுத்தும். அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள்.

2. போனில் ஏற்பாடு

இது ஐந்து நிமிட வேலை. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், பாக்கெட் காஸ்ட்ஸ், ஆன்டெனாபாட் என எந்தச் செயலி இருந்தாலும் போதும். கூகுளின் பாட்காஸ்ட் செயலி 2024-இல் மூடப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, நான் வைத்திருப்பது அதுதான்.

நிகழ்ச்சியைத் தேடிச் சேர்த்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். புதிய பகுதிகள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். எதைக் கேட்பது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், செயலி அல்ல. அப்புறம், ஒலிக்கும் வேகத்தை 0.8-க்குக் குறைத்து வையுங்கள். அரை மணி நேரப் பகுதி சுமார் 30 எம்பி இருக்கும், வீட்டு வைஃபையில் முதல் நாளே இறக்கிக்கொண்டால் பேருந்தில் சிக்னலை நம்பி இருக்க வேண்டாம்.

3. காதைப் பழக்குதல்

நிறையப் பேர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலம் புரிகிறது, ஆனால் பெயர்கள் பிடிபடுவதில்லை. நான் முதல் வாரம் முழுக்க "பீட்டல்ஜூஸ்" என்பது ஏதோ பழரசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது நம் திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமியன்று நிலாவின் பக்கத்தில் செம்மஞ்சளாக நிற்குமே, அதே நட்சத்திரம். இது தெரிந்த நிமிடத்தில் அந்தப் பெயர் மண்டையில் ஒட்டிக்கொண்டது. நமக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது: அமெரிக்கக் கேட்பவருக்கு இவை எல்லாம் புதுப் பெயர்கள். நமக்கோ பாதி நட்சத்திரங்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கின்றன, கல்யாணப் பத்திரிகையில்கூட வருகின்றன. ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளையடீஸ் என்று காதில் விழுந்தால் கார்த்திகை. அல்டெபரன் ரோகிணி. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்டூரஸ் சுவாதி. அன்டாரிஸ் கேட்டை. ஆல்டேர் திருவோணம். வேகா அபிஜித். பிக் டிப்பர் என்றால் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள். கனோபஸ் அகத்தியர், இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கலைச்சொற்களுக்கும் இதே வைத்தியம். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை, பல சொற்கள் தமிழில்தான் பொருளோடு இருக்கின்றன. பேரலாக்ஸ் என்பதைக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. இடமாறு தோற்றம் என்றால் என்ன நடக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. ரெட்ஷிஃப்ட் செம்பெயர்ச்சி, டார்க் மேட்டர் கரும்பொருள், பிளாக் ஹோல் கருந்துளை, கேலக்ஸி விண்மீன் திரள். ஒரு சொல் மூன்று முறை காதில் விழுந்தும் விளங்கவில்லையென்றால், நிறுத்தி, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிவையுங்கள். மாலையில் தேடிக்கொள்ளலாம். பல பகுதிகளுக்கு எழுத்துப் படியும் கிடைக்கிறது, காது தவறவிட்டதைக் கண்ணால் பிடிக்கலாம்.

ஒரே பகுதியை இரண்டு முறை கேளுங்கள் என்பது என் கட்சி. முதல் முறை வேலை செய்துகொண்டே, பாத்திரம் கழுவும்போதோ நடக்கும்போதோ. இரண்டாம் முறை உட்கார்ந்து, பேனாவோடு. இரண்டாம் முறை கேட்கத் தோன்றாத பகுதி என்றால் அது உங்களுக்கானது இல்லை, தள்ளிவிடுங்கள்.

4. எண்களை நம் கணக்குக்கு மாற்றுங்கள்

மில்லியன், பில்லியன் என்று அவர்கள் சரளமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். நம் மனசு லட்சத்திலும் கோடியிலும்தான் யோசிக்கும். மில்லியன் பத்து லட்சம். பில்லியன் நூறு கோடி. டிரில்லியன் லட்சம் கோடி. இந்தக் கடைசித் தொகை பட்ஜெட் செய்தியும் ஊழல் செய்தியும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போனதுதான்.

இப்போது போட்டுப் பாருங்கள். ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதன் ஒளி நம்மை வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி ஆகும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் 25 லட்சம் ஒளியாண்டு. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிட்டால் மற்ற எண்கள் காதில் விழும்போது எதோடு எதை ஒப்பிடுவது என்று தெரியும். மைலில் சொன்னால் 1.6-ஆல் பெருக்குங்கள். வெப்பநிலை கெல்வினில் வந்தால் 273-ஐக் கழித்தால் நம் செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பைப்போல ஆயிரக்கணக்கில் இருந்தால் கழிக்கக்கூட வேண்டாம், பெரிய வித்தியாசமில்லை.

5. ஒரு கேள்வி, ஒரு மாதம்

இதுதான் முக்கியமான படி. பகுதிகளின் பட்டியலைத் திறந்து, வரிசையை மறந்துவிட்டு, ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதிகளை மட்டும் பொறுக்குங்கள். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு நான்கு போதும். அக்கா மகளின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: தூரத்தை எப்படி அளந்தார்கள்?

முதல் வாரம், இடமாறு தோற்றம். அண்டத்தில் தூரம் அளப்பதைப் பற்றி அஸ்ட்ரானமி காஸ்டின் ஆரம்பப் பகுதிகளிலேயே ஒன்று இருக்கிறது. கேட்டுக்கொண்டே கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறுகிறது. விரலை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிறைய மாறும், தள்ளிக்கொண்டு போனால் குறையும். கண்கள் இரண்டுக்கும் இடைவெளி தெரிந்தால், விரல் நகர்ந்த கோணத்தை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்.

நட்சத்திரத்துக்கு நம் இரண்டு கண்ணும் போதாது. பூமி சூரியனைச் சுற்றுகிறதல்லவா, ஜனவரியில் ஒரு பார்வை, ஜூலையில் ஒரு பார்வை. இரண்டு 'கண்'களுக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். அப்படியும், சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரி நகர்வது எவ்வளவு தெரியுமா? ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் சுமார் ஒன்றரைக் கூறு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதுபோல. பூமி சுற்றுகிறது என்றால் நட்சத்திரங்கள் ஏன் இடம் மாறவில்லை என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய வானியலாளர்களே வாதாடியதில் ஆச்சரியமில்லை. மாறத்தான் செய்தன, பார்க்கும் கருவி இல்லை. 1838-இல் ஜெர்மனியின் பெசல் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தில் அதைப் பிடித்தார். சுமார் 10 ஒளியாண்டு என்றார், இன்றைய கணக்கு 11.4. அந்தக் காலத்துத் தொலைநோக்கியில்! ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013-இல் கிளம்பிப் போய் இதே முறையில் ஏறத்தாழ 200 கோடி நட்சத்திரங்களை அளந்தது.

யாரும் அங்கே போகவில்லை. பூமி நகர்ந்துகொண்டிருந்தது, நாம் இங்கேயே உட்கார்ந்து அளந்தோம். அக்கா மகளுக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, ஏனென்றால் தொலைதூர விண்மீன் திரள்களில் இந்த நகர்வு அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும்.

இரண்டாம் வாரம், மாறொளி நட்சத்திரங்கள். செஃபீட் என்று காதில் விழும், ஒளி சீராகக் கூடிக் குறையும் ஒரு நட்சத்திர வகை. இரவில் தூரத்து வயல்வெளியில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருக்கும் ஜீரோ வாட்ஸ் பல்பா, தூரத்திலிருக்கும் பெரிய விளக்கா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பல்பின் வாட்டு தெரிந்தால் சொல்லிவிடலாம், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பது கணக்கு. நட்சத்திரத்தின் வாட்டை யார் சொல்வது? ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் பதிவான நட்சத்திரங்களை அளந்து குறிக்கும் வேலை பார்த்த ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் அதைச் சொன்னார். நம் பால்வழிக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய மெகல்லன் மேகம் என்ற குட்டி விண்மீன் திரளிலுள்ள 25 செஃபீட்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அவற்றில் பிரகாசம் கூடியது மெதுவாகத் துடித்தது, குறைந்தது வேகமாகத் துடித்தது. அதாவது, துடிப்பின் கால அளவை எண்ணினால் வாட்டு தெரிந்துவிடும்.

எட்வின் ஹபிள் 1923 அக்டோபரில், அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் வானாய்வகத்து 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவுக்குள் இப்படியொரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். கணக்குப் போட்டால் சுமார் ஒன்பது லட்சம் ஒளியாண்டு வந்தது. நம் பால்வழிக்கு வெகு தூரம் வெளியே. ஆண்ட்ரோமீடா தனி விண்மீன் திரள் என்பது அப்படித்தான் முடிவானது. நான்காவது படியில் 25 லட்சம் என்று எழுதியிருந்தேனே, இங்கே ஒன்பது லட்சம் ஆயிற்றே என்று நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் சரியாகக் கேட்கப் பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம். செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது, அதைச் சரி செய்ததும் தூரம் கூடியது. இம்மாதிரி முரண் காதில் விழும்போதெல்லாம் டைரியில் குறியுங்கள். அடுத்த மாதத்துக்கான கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். செஃபீட் என்ற பெயருக்கே காரணமான டெல்டா செஃபெய் நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை 1784-இல் கண்டுபிடித்தவர் ஜான் குட்ரிக் என்ற இங்கிலாந்து இளைஞர். அவருக்குக் காது கேட்காது. காதால் வானியல் படிக்க வழி சொல்லும் கட்டுரையில் அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் வாரம், வெடிக்கும் நட்சத்திரங்கள். சூப்பர்நோவாக்களில் ஒரு வகைக்கு 'ஒன்று ஏ' என்று பெயர். வெண்குள்ளன் எனப்படும் இறந்த நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்து, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். ஏறக்குறைய ஒரே நிறையில் வெடிப்பதால் வாட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செஃபீட்கள் தெரியாத தூரத்திலும் இவை தெரியும். இந்தப் பகுதியில் அந்த 1.4 மடங்கு எல்லையை "சந்த்ரசேக்கர் லிமிட்" என்று பமீலா சொல்லும்போது நிமிர்ந்து உட்கார நமக்கு உரிமை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. நோபல் பரிசு 1983-இல் வந்தது. "சந்திரா" என்று தனியாகக் காதில் விழுந்தால் பெரும்பாலும் அது அவர் பெயரில் 1999-இல் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி.

நான்காம் வாரம், விரியும் பேரண்டம். இந்த வெடிப்புகளை வைத்துத் தூரத்தை அளந்த இரண்டு குழுக்கள், பேரண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் அறிவித்தன. 2011 நோபல் அதற்குத்தான். அப்புறம் ஹபிள் டென்ஷன் என்று ஒரு சண்டை. பேரண்டத்தின் ஆதி ஒளியை வைத்துக் கணக்கிட்டால் விரிவின் வீதம் 67 என்று வருகிறது, செஃபீட்டையும் சூப்பர்நோவாவையும் வைத்து அளந்தால் 73. அலகை விடுங்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் செய்தி. முதல் வாரம் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தவர், நான்காவது வாரம் இன்றைய வானியலாளர்களின் சண்டைக்குள்ளேயே வந்து நிற்பார். வரிசையாக நாற்பது பகுதி கேட்டபோது எனக்கு இது நடக்கவில்லை.

6. மாடிக்குப் போங்கள், ஆனால் நம் வானத்தைப் பாருங்கள்

பாட்காஸ்ட் பேசுகிறவர்கள் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. அண்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், வானம் அப்படியல்ல.

துருவ நட்சத்திரம் உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. பமீலா நிகழ்ச்சியைத் தொடங்கிய காலத்தில் இருந்த, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பகுதியில் நான்கு முஷ்டி உயரம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே முஷ்டி, சென்னையில் ஒன்றேகால், கன்னியாகுமரியில் ஒன்றுக்கும் குறைவு. "வடக்கே நன்றாக உயரத்தில் பாருங்கள்" என்று காதில் கேட்டு அண்ணாந்தால் ஒன்றும் கிடைக்காது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அதற்கு ஈடாக, அவர்களுக்குக் கிடைக்காத தெற்கு நமக்கு இருக்கிறது. அகத்தியர் என்று சொன்னேனே, வானத்தில் சிரியஸுக்கு அடுத்து மிகப் பிரகாசமான நட்சத்திரம் அது. பமீலா இருந்த அந்த இல்லினாய் பகுதியில் இருந்தாலும் சரி, கனடாவில் இருந்தாலும் சரி, அது அடிவானத்துக்கு மேல் வரவே வராது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நின்றால், தலைக்கு மேலே கொஞ்சம் தாழ்வாக சிரியஸ், அதற்கு நேர் கீழே இரண்டு முஷ்டி உயரத்துக்கு மேல் அகத்தியர். மே மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் அதே தெற்கில் தென்சிலுவையும் நிற்கும். இதெல்லாம் பாட்காஸ்டில் வராது, நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியது.

"சம்மர் ஸ்கை", "விண்டர் ஸ்கை" என்ற சொற்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நமக்கு அப்போது கத்திரி வெயிலே முடிந்திருக்கும். விண்டர் என்றால் மார்கழி, தை, மாசி என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். சந்திர கிரகண நேரம் மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும், ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அது பகலில் விழுந்தால் நமக்கில்லை என்று அர்த்தம், வருத்தப்படாமல் தூங்கலாம்.

தொலைநோக்கி வாங்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரைப் பதிந்து, கேட்ட பெயர் எங்கே, எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு வெறும் கண்ணோடு மாடிக்குப் போங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பைனாகுலர். ஒரு மாலை சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கோ, திருச்சி அண்ணா கோளரங்கத்துக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வரலாம்.

7. எந்த வருஷத்துப் பேச்சு என்று பாருங்கள்

ஒவ்வொரு பகுதியின் கீழும் தேதி இருக்கும். கேட்பதற்கு முன் அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். 2006-இல் பேசும் பமீலாவுக்கு புளூட்டோ ஒரு மங்கலான புள்ளி, நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அங்கே போனது 2015 ஜூலை 14. ஈர்ப்பலைகள் முதன்முதலாகப் பிடிபட்டது அதே ஆண்டு செப்டம்பரில். கருந்துளையின் நிழற்படம் வெளியானது 2019 ஏப்ரல் 10. வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களில் 2006-இல் தெரிந்தவை இருநூறு சொச்சம், 2022-லேயே ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. சனியின் நிலவுகள் 2025 மார்ச்சில் 274 ஆகின. பழைய பகுதியில் கேட்ட எண்ணை அப்படியே போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் பழையதைத் தூக்கி எறியவும் வேண்டாம். எண்கள்தான் பழசாகும், அளக்கும் முறை பெரும்பாலும் நிற்கும். இடமாறு தோற்றத்துக்கு 1838-இலும் அதே முக்கோணம்தான். எனக்கு இதில் ஒரு பொழுதுபோக்கே உண்டு: கரும்பொருள் பற்றிய ஒரு பழைய பகுதியையும் ஒரு புதிய பகுதியையும் அடுத்தடுத்துக் கேட்பது. அது என்ன துகள் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் என்னென்னவாக இருக்க முடியாது என்ற பட்டியல் எப்படி நீண்டிருக்கிறது என்பது தெரியும்.

நம் பக்கத்துத் தொடர்பையும் இப்படிக் கிளறி எடுக்கலாம். யுரேனஸின் வளையங்களைப் பற்றிக் கேட்டால், 1977 மார்ச் 10-ஆம் தேதி விமானத்தில் பறந்த தொலைநோக்கி ஒன்று கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். சரிதான். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியதை வைத்துச் சொன்னார்கள். அதே நாள் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த மங்கல் பதிவானது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தப் பகுதியின் ருசியே வேறு.

8. அடுத்த கேள்விகள்

தூரம் முடிந்தால் எதை எடுப்பது? நட்சத்திரம் எப்படிப் பிறந்து சாகிறது என்பது இரண்டாவது மாதத்துக்கு நல்ல கேள்வி. அதற்கு ஒளிரும் உதாரணம் திருவாதிரையே. 2019 கடைசியில் அது திடீரென மங்கியது, வெடிக்கப்போகிறது என்று உலகமே பரபரத்தது. கடைசியில் அது தானே கக்கிய தூசி அதன் முகத்தை மறைத்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பரபரப்பு நேரத்துப் பகுதிகளையும் பின்னால் வந்தவற்றையும் வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவது மாதம், போகாமலேயே ஒரு நட்சத்திரம் எதனால் ஆனது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது. இது நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது பற்றியது, கொஞ்சம் கடினம், அவசரப்படாதீர்கள். சார்பியலை நான் ஆறாவது மாதத்துக்குத் தள்ளினேன். முதல் வாரமே அதில் கை வைத்து ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

அஸ்ட்ரானமி காஸ்ட் வழக்கமாக ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை எடுத்துக்கொள்ளும். அப்போது செயலி பழுதாகிவிட்டதோ என்று பயந்து அழித்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டாம் (நான் ஏற்றினேன்). கேட்காமல் விட்ட பழைய பகுதிகளுக்கு அதுதான் நேரம். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடிக்குப் போனாலும் மேகம்தான், அந்த மாதங்களில் காதுக்கு மட்டும் வேலை. முடிந்தால் தூரத்தை அளக்கும் அந்த முதல் கேள்வியை ஜனவரியில் தொடங்குங்கள். நான்கு வாரம் முடிந்து பிப்ரவரி வரும்போது வானம் தெளிந்திருக்கும், தெற்கே அகத்தியர் நிற்பார். அவர் எத்தனை ஒளியாண்டு, அதை எந்த முறையில் அளந்திருப்பார்கள் என்பதை நீங்களே கண்டுபிடித்து டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா மகளைப்போல யாராவது பக்கத்தில் நின்று கேட்பார்கள்.